கடலை மறைக்கும் வேலை

உங்கள் கால்களிடம் பொய் சொல்வதுதான் என் தொழில்.
வாயிலில் நின்றாலே கடல் தெரிந்த இந்த நிலத்தில்
முதல் காரியமாகக் கடலை மறைத்தேன்.
லாரல் புதர்களை ஆளுயரத்துக்கு மேல் நட்டு,
பாதையை இடப்பக்கம் ஒடித்து,
அலைச்சத்தத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

மூடிக் கிடந்த மத்தி மீன் ஆலை இது.
கலீசியக் கரையில் மழை தின்ற சுவர்கள்.
இடித்துவிட்டுப் பூங்கா கேட்டது நகராட்சி.
"நேராக ஒரு நடைபாதை, இரண்டு பெஞ்சு போதுமே"
என்றார் கணக்கர் லாந்தெய்ரா.
நேர்பாதையில் வருகிறவர்
போய்ச் சேர்ந்த பிறகுதான் நடக்கவே தொடங்குகிறார் என்றேன்.
அவர் செலவுத்தாளைத் திருப்பிப் பார்த்தார்.

நுழைந்ததும் உடைத்த சிப்பி ஓடு.
காலடியில் அது நொறுங்க, பேச்சு தானாகத் தணியும்.
பிறகு கருங்கற்கள், வேண்டுமென்றே ஒழுங்கின்றி:
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
அரைச் சாண் கூட, அரைச் சாண் குறைய.
தடுமாறுகிறவர் குனிவார்.
குனிந்தவர் கண்ணில் பாசி படும், நத்தை படும்,
தன் செருப்பு படும்.
ஏழாவது கல் மட்டும் அகலம்.
அதில் இரு பாதமும் ஊன்றி நிமிர்ந்தால்
யூகலிப்டஸ் இடுக்கில் கையகல நீலம்.
அடுத்த அடியில் அதைப் பிடுங்கிக்கொள்வேன்.
மூன்று முறை காட்டி, மூன்று முறை ஒளித்து,
கடைசித் திருப்பத்தில்
கழிமுகம் முழுவதையும் அவிழ்த்துக் கொட்டுவேன்.

திறந்து நாலாம் நாள்
லாரல் வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து.
ஒரு கிளையும் முறியவில்லை.
பொறுமையாக வளைத்து
வலைநூலால் கட்டியிருந்தார்கள்.
அறுத்தேன்.
மறுநாள் இரட்டை முடிச்சு.

ஆறாம் நாள் இருட்டோடு போய் நின்றேன்.
ரப்பர் பூட்ஸும் வாளியும் முள்வாரியுமாகப்
பதினொரு பெண்கள் வந்தார்கள்,
மட்டி கிளறுகிறவர்கள்.
முன்னால் வந்தவள் பெயர் எர்மிட்டாஸ்.
"ஆலை இருந்தபோதும் இதுதான் வழி.
ஓதம் வற்றிக் கிடப்பது மூன்று மணி நேரம்.
உங்கள் பாம்பைச் சுற்றி வந்தால்
ஆளுக்கு அரைக் கிலோ போச்சு."
ஒன்பது நிமிடம்தானே கூடும் என்றேன்.
"திரும்பும்போது எண்ணிப் பாருங்கள்."

எண்ணினேன்.
சேறு சொட்டும் அவள் வாளியை வாங்கிக்கொண்டு
என் பாதையில் நானே ஏறினேன்.
கல்லுக்குக் கல் வாளி முழங்காலில் இடித்தது.
ஏழாவது கல்லில் நான் நிமிரவே இல்லை.
பின்னால் யாரோ
பாதை போட்டவளை, அவள் முன்னால் போவது தெரிந்தே,
நிதானமாக வைதுகொண்டு வந்தாள்.

இன்னும் நாற்பது மீட்டர் கல் வேண்டும் என்று
லாந்தெய்ராவிடம் போய் நின்றேன்.
"நேராகவா?" என்றார்.
அந்தக் குரலில் இருந்த சர்க்கரையை விழுங்கிக்கொண்டேன்.

இப்போது இரு பாதைகளும் வெட்டிக்கொள்வது
கடைசித் திருப்பத்தில்.
கடலைப் பார்த்து வாய் திறக்கும் அதே இடத்தில்
பதினொரு வாளிகள் சொட்டச் சொட்டக் குறுக்கே போகின்றன.
நிற்கத்தான் வேண்டும்.
படம் கெடுகிறது என்று முணுமுணுத்த ஒரு மத்ரீத்காரரிடம்
வாரியைக் கொடுத்துவிட்டு
எர்மிட்டாஸ் சாவகாசமாகப் பூட்ஸைக் கழற்றித்
தண்ணீர் கவிழ்த்தாள்.
அவர் பிடித்துக்கொண்டு நின்றார்,
இரு கையாலும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
வேலி திறந்ததில்
வாயிலில் நின்றால் ஓர் ஆள் அகலத்துக்குக் கடல் தெரிகிறது.
என் பொய் போயிற்று.
தெரிந்தும் பாதிப் பேர் சுற்றித்தான் போகிறார்கள்,
சிப்பி ஓட்டில் பேச்சடங்கி,
கற்களில் தடுமாறி.
ஏனென்று எனக்குத் தெரியவில்லை.

வலைநூலை நான் பிறகு தொடவில்லை.
முடிச்சைச் சுற்றி
லாரல் பருக்கத் தொடங்கிவிட்டது.